செங்கல் வீடு கட்டிட்டா மலேரியா கொசு வராதாமே!

இந்த மழைக்கு ஒரே வீட்டுலேர்ந்து மூணாவது புள்ளைக்கு விரல்ல குத்தி டெஸ்ட் பண்ணிட்டேன், மூணும் பாசிட்டிவ். பர்மாவுல தட்டோன் பக்கம் ரப்பர் தோட்டத்த ஒட்டின ஊரு. அந்தம்மா எங்கிட்டயே கேக்குறாங்க, "சயாமா (டீச்சரம்மா, நர்ஸம்மாவ இங்க இப்படித்தான் கூப்பிடுவாங்க), மூங்கில் தட்டி வீட்ட பிரிச்சுட்டு செங்கல்ல கட்டியாச்சு, பக்கத்துல சாக்கடைகூட கெடையாது, எப்படி வரும்?"

சாக்கடைல வளர்றது க்யூலெக்ஸ் கொசு, அதால வர்றது யானைக்கால். மலேரியா பரப்புற ஆனோபிலிஸ் டைரஸுக்கு நிழல்ல கெடக்குற நல்ல தண்ணி போதும், மாட்டுக் குளம்படி குழி, ஏன் நம்ம வீட்டுக் கிணறுகூட போதும். எத்தன தடவதான் சொல்றது!

நேர்ல போய் பாத்தேன். சுவரு முடியுற எடத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல என் கை உள்ள போற அளவு சந்து, நாலு பக்கமும். கேட்டா "காத்து வரணும்ல". காத்து மட்டுமா வருது? தூங்குறப்ப நாம விடுற மூச்சு அந்தச் சந்து வழியாத்தான் வெளிய போவுது, அத மோந்துகிட்டு வர்ற கொசு சுவத்துல முட்டுனதும் திரும்பிப் போகாது, அப்படியே மேல ஏறி கூரைக்கு அடியில பூந்துடும், சுவரு செங்கலா மூங்கிலான்னு அதுக்கென்ன கவல? தட்டி வீட்டுல ஓட்ட நூறு இருக்கும், ஒத்துக்குறேன், ஆனா செங்கல் வச்சவுக இந்த ஒரு சந்த விட்டுட்டு வாசல்ல டைல்ஸ் ஒட்டுறீங்க.

இன்னொன்னு, பர்மாக்காரவுக கால் நட்டு ஒசரமா கட்டுறத நாம பழசுன்னு நெனைக்கிறோம். ஆப்பிரிக்காவுல இருக்குற காம்பியாவுல குடிசைய 3 மீட்டர் தூக்கி வச்சு பாத்தப்ப உள்ள வந்த மலேரியா கொசு 84 சதவீதம் கொறஞ்சிருக்கு. அது அந்த ஊரு கொசு, நம்மளது வேற ஜாதி, இருந்தாலும் யோசிங்க.

சந்த சிமெண்ட் வச்சு அடைக்க வேணாம்மா, வலைக்கம்பி அடிங்க, காத்தும் வரும், அரை நாள் வேலதான். பொழுது சாயுறப்ப கதவ சாத்துங்க. கொசுவலைய பாய்க்கு அடியில சொருகிட்டு படுங்க, ஆணியில மாட்டி வைக்கவா குடுத்தோம்? ராத்திரி ஒரு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போற அண்ணன்மாருக்கு வீடு என்ன செய்யும், முழுக்கை சட்டையாவது போடுங்கண்ணே. காய்ச்சல் அடிச்சா அன்னிக்கே வாங்க. வைவாக்ஸ்ங்கிற வகை மலேரியான்னா ஈரல்ல ஒளிஞ்சிருந்து திரும்ப வரும், அதுக்குத்தான் 14 நாள் மாத்திர, மூணு நாள்ல தெம்பு வந்துடுச்சுன்னு நிறுத்தாதீங்க, கெஞ்சி கேக்குறேன்.

நேத்து அந்தப் பக்கம் போனேன். சந்து அப்படியேதான் இருக்கு, தகரத்து மேல புதுசா டிஷ் மாட்டியிருக்காங்க.