ஓசோன் ஓட்டையா, ஓசோன் தேய்வா?

"ஓசோன்ல ஓட்டை விழுந்திருச்சு, அது வழியா வெயில் உள்ளே வருது, அதான் இந்தப் புழுக்கம்." மே மாதம் வந்தால் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? 'ஓட்டை' என்று எழுதிக் கொடுத்தால் ஒழுகத்தானே செய்யும்.

ஓசோன் என்பது 1840இல் வேதியியலாளர் ஷோன்பைன் வைத்த பெயர், வாடை வீசுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. அது அப்படியே இருக்கட்டும். என் சண்டை ஓட்டையோடுதான்.

அன்டார்க்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் 1956 முதல், ஓசோனை அளக்கும் டாப்சன் கருவியை வைத்து அளந்து வருகிறார்கள். தலைக்கு மேலே உள்ள ஓசோன் மொத்தத்தையும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் 0 டிகிரிக்கும் கொண்டுவந்தால் 3 மில்லிமீட்டர் கனம்தான் தேறும் என்றால், அது 300 டாப்சன் அலகு. அங்கே 300 அளவில் இருந்த அக்டோபர் சராசரி 1984இல் சுமார் 200க்கு இறங்கியிருந்தது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவரும் 1985இல் வெளியிட்டது இதைத்தான். இப்போது 220க்குக் கீழே போனாலே 'ஓட்டை' என்று பெயர். அதாவது அந்த 'ஓட்டை'யிலும் 150, 200 என்று ஓசோன் இருக்கும்! சில உயரங்களில் அறவே இல்லாமல் போகிறதே என்பார்கள். சரி, போகிறது. அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கிறதே, அதை என்ன செய்வது? பல கிலோமீட்டர் உயரத்துக்கு விரவிக் கிடப்பதைப் 'படலம்' என்று சொன்னபோதே தொல்லை ஆரம்பித்துவிட்டது.

நான் 'ஓசோன் தேய்வு' என்பேன். துருவ இரவின் கடுங்குளிரில், மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே, உயரத்தில் மேகங்கள் உண்டாகி, ஓசோனை அழிக்கும் குளோரினைத் தயார் செய்துவைக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் சூரியன் திரும்பியதும் ஓசோன் தேய ஆரம்பிக்கிறது, டிசம்பர் வாக்கில் துருவத்தைச் சுற்றும் சுழல்காற்று கலைந்து வெளிக்காற்று புகுந்ததும் மறுபடி ஏறுகிறது. ஆண்டு முழுக்க அளப்பவர்களுக்கு இது தெரியும். தேய்ந்து வளர்வதைச் சொல்லத் தேய்பிறை, வளர்பிறை என்று நம்மிடமே சொல் இருக்க, ஆங்கிலத்தைப் பார்த்து ஓட்டை போடுவானேன்? பாடநூல்களின் 'சிதைவு' பரவாயில்லை, ஆனால் சிதைந்தது திரும்பி வருமா என்ன?

"ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி, புரிந்தால் போதாதா" என்பவர்கள் உண்டு. புரியவில்லையே, அதுதானே சிக்கல். 2020 ஏப்ரலில் ஆர்க்டிக் பக்கம் இதேபோல் ஒன்று வந்து மறைந்தபோது, ஊரடங்கால் ஓட்டை அடைபட்டது என்று பகிர்ந்து தள்ளினார்கள். துருவச் சுழல் கலைந்தது, அவ்வளவுதான்.