பட்டுப்புழு கூடு கட்டாமல் திரிவது ஏன்?

நான்காம் தோலுரிப்பு முடிந்த ஏழெட்டு நாளில் புழு பழுத்துவிட வேண்டும். தின்பதை நிறுத்தும், உடல் தேன் நிறத்தில் மின்னும், தலையைத் தூக்கி நூல் கட்ட இடம் தேடும். ஆனால் சில சமயம் பத்தாம் நாளும் தின்றுகொண்டே இருக்கும். வழக்கத்தைவிடப் பருத்தும் தெரியும். நல்ல தழை, நல்ல வளர்ச்சி என்று நினைத்து நெட்ரிக்கா (புழு கூடு கட்டுவதற்கான பிளாஸ்டிக் தாங்கி) விரித்தால், புழு மேலே சுற்றிச் சுற்றி வந்து கூடு கட்டாமலேயே சாகும். ஒரு தொகுதி தின்னும் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தக் கடைசிப் பருவத்தில்தான் போகிறது. அதனால் உழைப்பு, தழை, கூலி எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

பால்புழு நோயோ சுண்ணாம்புக்கட்டி நோயோ வந்தால் உடலில் அடையாளம் தெரியும். இதில் அப்படி எதுவும் இருக்காது. கடைசிப் பருவத்தில் புழுவின் இளமை ஹார்மோன் குறைந்தால்தான் அது பழுக்கும். வெள்ளை ஈக்கு அடிக்கும் பைரிப்ராக்சிஃபென் அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்கிறது. துளி அளவு தழையில் பட்டாலே புழு முதிராமல் நின்றுவிடும்.

சந்தேகத் தழையைப் பத்துப் புழுவுக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். புழு பச்சையாய்க் கக்கினால், உடல் சுருங்கினால் விஷம் என்று உடனே தெரிந்துவிடும். இந்த மருந்து அந்தச் சோதனையில் சிக்காது. புழு நலமாகவே தின்னும். ஆகவே பக்கத்துத் தோட்டத்தில் கத்தரி, மிளகாய், பருத்தி இருந்தால், மருந்தின் பெயரையும் அடிக்கும் தேதியையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதுதான் வழி. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசும். அந்த மாதங்களில் மேற்குத் தோட்டத்து மருந்து நேராக உங்கள் மல்பெரியில் வந்து படியும். மேற்கு ஓர வரிசைத் தழையை எப்போதும் தனித் தட்டுப் புழுவுக்கே போடுங்கள். கெட்டாலும் அந்தத் தட்டோடு நின்றுவிடும்.

மருந்து வெளியிலிருந்துதான் வரும் என்பதில்லை. பூச்சிமருந்து அடித்த தெளிப்பானையே கழுவிவிட்டுப் புழு வளர்ப்பு மனைக்குப் பயன்படுத்துவது பல வீடுகளில் நடக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர், 30 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு கலந்து மனையைக் கழுவத் தனித் தெளிப்பான் ஒன்று வாங்கிவிடுங்கள். மனைக்குள் கொசுவத்தி கொளுத்தக் கூடாது. அதன் புகையே புழுவுக்கு விஷம். மருந்து அடித்த கையோடும் சட்டையோடும் தழை வெட்டப் போகக் கூடாது.