'நாட்வித்ஸ்டாண்டிங்': எதற்கு எனினும்?

2022 நவம்பர் முதல் வாரம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளைகள் படிக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு கேள்விகள்தான். கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் என்கிறார்களே, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டா இல்லையா? அப்புறம், செய்தியில் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்களே 'நாட்வித்ஸ்டாண்டிங்', அது என்ன? பள்ளியில் கெயர்டேக்கர் வேலை பார்க்கும் ஒரு அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, அதைத் தமிழில என்னெண்டு சொல்லுறது?" என்றார். எங்கோ வாசித்த நினைவில் "எனினும் சரத்து" என்றேன். உடனே கேட்டார்: "எதுக்கு எனினும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று பிறகு புரிந்தது. கனடிய உரிமைச் சாசனத்தில், சில உரிமைகளைத் தாண்டிச் சட்டம் போட அரசுகளுக்கு இடம் தரும் பிரிவின் பெயர்தான் இந்தச் சொல். அதன் சூட்சுமம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பிரிப்போம். 'நாட்' என்றால் இல்லை. 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நிற்பது. பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு 'எதிராக' என்றுதான் பொருள், 'கூட' என்ற பொருள் பின்னால் வந்தது. ஆக, 'எதிர்த்து நில்லாமல்', 'குறுக்கே நில்லாமல்'. ஆங்கிலத்துக்கு இது 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது, அதுவும் 'நான் ஒப்ஸ்டான்டே' என்ற லத்தீன் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து. லத்தீனிலும் அதே படம்தான்: வழியில் ஒன்று நிற்கிறது, அது நிற்காததுபோல் வைத்துக்கொண்டு நான் நடக்கிறேன்.

அந்த லத்தீன் தொடருக்கு ஒரு பழைய கதை உண்டு. போப்பாண்டவரின் ஆணைகளில் புழங்கிய அது ஆங்கில அரசர்களின் கைக்கு வந்தது. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கும். அரசர் தனக்கு வேண்டிய ஆளுக்கு ஓர் ஆணை எழுதி, 'அந்தச் சட்டம் இதற்குக் குறுக்கே நில்லாது' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். சட்டம் ஏட்டில் இருக்கும், அந்த ஆளை மட்டும் தொடாது. இரண்டாம் ஜேம்ஸ் இந்த அதிகாரத்தை அளவுக்கு மீறி எடுத்தாண்டார். அவர் நாட்டை விட்டு ஓடிய பிறகு, 1689-இல் வந்த இங்கிலாந்தின் உரிமைச் சட்டம் 'நான் ஒப்ஸ்டான்டே' என்று பெயர் சொல்லியே அந்த வழக்கத்தை ஒழித்தது. உரிமைகளை எழுதிவைத்த ஒரு சட்டம் துரத்திவிட்ட சொல், சுமார் முந்நூறு ஆண்டு கழித்து இன்னொரு உரிமைச் சாசனத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை முதன்முதலில் அறிந்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

கனடாவில் இது முளைத்தது 1960-இல், அப்போதைய பிரதமர் ஜான் டீஃபன்பேக்கர் கொண்டுவந்த உரிமைச் சட்டத்தில். ஆனால் இன்று நாம் பேசுவது 1982 சாசனத்தின் 33-ஆம் பிரிவைப் பற்றி. அது பிறந்த இடம் ஒரு சமையலறை. 1981 நவம்பரில் ஒட்டாவாவின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் மாகாண முதல்வர்களோடு அரசியலமைப்புப் பேச்சு நடந்து, நகராமல் நின்றது. அங்கே சமையலறையில் ஒதுங்கிய மூன்று பேர், அப்போது மத்திய நீதி அமைச்சராக இருந்த ஜான் கிரேத்தியன், சஸ்காச்சுவானின் ராய் ரோமனோ, ஒன்ராறியோவின் ராய் மக்மர்ட்ரி, கையில் கிடைத்த தாளில் ஒரு சமரசத்தைக் கிறுக்கினார்கள். பிரதமர் பியர் ட்ரூடோவுக்குச் சாசனம் வேண்டும். நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரமா என்று பல முதல்வர்களுக்குத் தயக்கம். சாசனம் வரட்டும், கூடவே அதைத் தாண்டிப் போக ஒரு கதவும் இருக்கட்டும் என்று முடிந்தது. கியூபெக் முதல்வர் ரெனே லெவெக் அந்த இரவில் ஆற்றுக்கு அக்கரையில் ஹல் நகரில் இருந்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த மனக்காயம் அங்கே இன்றும் ஆறவில்லை.

கதவு கேட்டவர்கள் எல்லாரும் பிற்போக்காளர்கள் என்று எழுதினால் அது பொய். சஸ்காச்சுவான் முதல்வர் ஆலன் பிளேக்னி, இடதுசாரிச் சாய்வுள்ள என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) கட்சிக்காரர். மக்களுக்காகப் போடும் நலச் சட்டங்களை நீதிமன்றம் வந்து வெட்டிவிடுமோ என்பது அவருடைய பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்தக் கதவு வழியே பின்னால் யார் போனார்கள் என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

33-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: நாடாளுமன்றமோ மாகாணச் சட்டமன்றமோ ஒரு சட்டம் போடும்போது, சாசனத்தின் 2-ஆம் பிரிவிலோ 7 முதல் 15 வரையுள்ள பிரிவுகளிலோ உள்ளது எதுவாக இருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொள்ளலாம். 2 என்றால் மதம், மனசாட்சி, பேச்சு, கூடுவது, சங்கம் சேர்வது. 7 முதல் 14 வரை உயிர், சுதந்திரம், கைது, விசாரணை சம்பந்தப்பட்டவை. 15 சமத்துவம். வாக்குரிமையை, ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் வாழும் உரிமையை, ஆங்கில பிரெஞ்சு மொழியுரிமைகளை இதனால் தொட முடியாது. ஐந்தாண்டில் அறிவிப்பு தானாகக் காலாவதியாகும், வேண்டுமென்றால் புதுப்பிக்கலாம். எத்தனை முறை என்று வரம்பு கிடையாது.

சரி, இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம்.

'மழை பெய்தாலும் போவேன்' என்கிறோம். தமிழில் இந்த வேலையைச் செய்வது அந்தச் சின்ன 'உம்'. அது தனியாக நிற்காது. எதை மீறிப் போகிறோமோ அதை முன்னால் சொல்லியே ஆகவேண்டும். 'எனினும்' என்று வாக்கியத்தைத் தொடங்கினால்கூட அதற்கு முன் இன்னொரு வாக்கியம் இருந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் 'நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ்' என்று பெயராக்கியதும் அந்த முன்பாதி விழுந்துவிட்டது. எதைத் தாண்டுகிறார்கள் என்பது பெயரில் இல்லை. தமிழ்க் காது அதை உடனே பிடித்துவிடுகிறது, அதனால்தான் 'எதுக்கு எனினும்' என்று கேட்கிறது.

அந்த வாரம் அதற்குப் பதில் இது: சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமைக்கு. ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட் அரசின் 28-ஆம் சட்டமூலம், 33-ஆம் பிரிவைக் காட்டி, ஏறத்தாழ 55,000 கல்விப் பணியாளர்கள் மேல் நான்காண்டு ஒப்பந்தத்தைத் திணித்தது. வேலைநிறுத்தம் செய்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4,000 டாலர் வரை தண்டம், சங்கத்துக்கு 5,00,000 டாலர் வரை. அந்த அக்காவுக்கு 4,000 டாலர் என்பது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஆனாலும் வெள்ளிக்கிழமை விடிய அவர் தடித்த சட்டை, கையுறை, மழைக்கோட்டு எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குத்தான் போனார், உள்ளே போகவில்லை. வாரஇறுதிக்குள் மற்றத் தொழிற்சங்கங்களும் திரண்டன. திங்கட்கிழமை முதல்வர் பின்வாங்கினார், அடுத்த வாரமே சட்டம் நீக்கப்பட்டது, அதுவும் முதலிலிருந்தே இருந்ததில்லை என்ற கணக்கில். நீதிமன்றத்தால் தடுக்க முடியாததை வாசலில் நின்றவர்கள் தடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை. 2019-இல் கியூபெக்கின் 21-ஆம் சட்டமூலம் இதே பிரிவைக் காட்டி ஆசிரியர், காவலர், அரசு வழக்கறிஞர் போன்றோர் வேலையில் மத அடையாளம் அணிவதைத் தடை செய்தது. ஹிஜாப், தலைப்பாகை, சிலுவை எல்லாம் அதற்குள் அடங்கும், ஆனால் வேலை போகுமே என்று அதிகம் பயந்தவர்கள் யார் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐந்தாண்டு முடிய 2024-இல் புதுப்பித்தார்கள். 2023-இல் சஸ்காச்சுவான், 16 வயதுக்குட்பட்ட மாணவர் பள்ளியில் தன் பெயரையோ தன்னைக் குறிக்கும் பிரதிப்பெயரையோ மாற்றிக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டம் போட்டது, நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகு. 2025 அக்டோபரில் அல்பேர்ட்டா, வேலைநிறுத்தத்தில் இருந்த 51,000 ஆசிரியர்களை இதே பிரிவைக் காட்டி வகுப்புக்குத் திருப்பியனுப்பியது. தொழிலாளர், சிறுபான்மையினர், பால் மாறிய பிள்ளைகள். வெட்டுப்படுமோ என்று பிளேக்னி பயந்த நலச் சட்டம் எதையும் காப்பாற்ற இவர்கள் இதை எடுக்கவில்லை.

கியூபெக் அரசு பெயரையே மாற்றப் பார்க்கிறது. பிரெஞ்சில் இதை 'விலகல் பிரிவு' என்ற பொருளில்தான் வழங்கினார்கள், இப்போது அரசு 'நாடாளுமன்ற இறைமை விதி' என்கிறது. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, யாருடைய உரிமை போனது என்பதுதான் காணாமல் போய்விட்டது. பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

அப்படியென்றால் தமிழில் என்ன? 'எது எவ்வாறிருப்பினும்' என்பது இந்தியச் சட்டத் தமிழின் நடை. ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தை மிஞ்சும்போது அது பொருந்தும், சட்டம் உரிமையை மிஞ்சும்போது எதையும் சொல்லாது. 'விதிவிலக்கு' தவறு, விதியை வைத்துக்கொண்டு ஒருவரை விடுவிப்பதுதான் விதிவிலக்கு. 'மீறல் பிரிவு' எனக்கு மனதுக்குப் பிடித்தது, ஆனால் சாசனமே அனுமதிக்கிற ஒன்றை மீறல் என்றால் சட்டம் தெரிந்தவர் ஒத்துக்கொள்ளமாட்டார். 'உரிமை ஒதுக்கப் பிரிவு' என்று ஒரு நண்பர் சொன்னார். நம் ஆட்கள் இடஒதுக்கீடு என்று வாசித்துவிடுவார்கள், நேர் எதிர்ப் பொருள்.

நான் 'உரிமை நிறுத்திவைப்புப் பிரிவு' என்று எழுதுகிறேன். உரிமை அழிவதில்லை, நிறுத்திவைக்கப்படுகிறது. ஐந்தாண்டுக் கெடு அந்தச் சொல்லுக்குள்ளேயே தொனிக்கிறது. 2025 ஆகஸ்டில் சஸ்காச்சுவான் மேல்முறையீட்டு நீதிமன்றமும், இந்தப் பிரிவை எடுத்தாலும் உரிமை பாதிக்கப்பட்டதா என்று நீதிமன்றம் சொல்லலாம் என்றது; உரிமை அங்கேயே இருக்கிறது என்றால்தானே அப்படிச் சொல்ல முடியும். பேச்சில் 'உரிமையைக் கிடப்பில் போடுகிற பிரிவு' என்றால் போதும், கோப்பு கிடப்பில் போனால் என்ன ஆகும் என்று அரச அலுவலகம் ஏறி இறங்கிய எல்லாருக்கும் தெரியும்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 'அரசு 33-ஆம் பிரிவைப் பயன்படுத்தியது' என்று நிறுத்தாதீர்கள். 'ஆசிரியர்கள் சங்கமாகப் பேரம் பேசும் உரிமையை அல்பேர்ட்டா அரசு நிறுத்திவைத்தது' என்று முழுதாக எழுதுங்கள். எவருடையது, எந்த உரிமை, யார் நிறுத்தியது, மூன்றும் அதில் வந்துவிடுகிறது. அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இப்ப விளங்குது" என்றார், பிறகு கேட்டார்: "எத்தனை வருசத்துக்கெண்டும் அதில போடலாமே?"

போடலாம். ஐந்து.