டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்க்காதீர்கள்

மதுரையில் விமான டிக்கெட் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். மேலூர், உசிலம்பட்டி, இளையான்குடி எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள், அதிலும் முதல்முறையாகப் பிள்ளைகளிடம் போகும் பெற்றோர், எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

மதுரையிலிருந்து துபாய் வான்வழியில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். சிங்கப்பூரும் அதே அளவுதான். நேரடி விமானத்தில் இரண்டுக்கும் சுமார் 4 மணி நேரம். பேச்சுக்குக் காலை 10 மணிக்குப் புறப்படுவதாக வையுங்கள். டிக்கெட்டில் துபாய்க்கு 12.30 என்றும் சிங்கப்பூருக்கு மாலை 4.30 என்றும் இருக்கும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். கழித்துப் பார்த்தவர்கள் துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்களுக்கு இந்தக் குழப்பம் ஆபத்தானது. டிக்கெட்டை மருத்துவரிடம் காட்டி, எந்த வேளைக்கு எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே வழியில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவதும் உண்டு. டெல்லிக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏறத்தாழ 11,800 கிலோமீட்டர். மேற்கிலிருந்து உயரத்தில் வேகமாக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போன நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பயண நேரம் கூடியது.

அதிகம் பேரை அழவைப்பது நள்ளிரவு விமானம்தான். நமக்குப் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். விமானத்துக்கு இரவு 12 அடித்தாலே அடுத்த தேதி. 15ஆம் தேதி 00.40 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவு 9.30 மணிக்கே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

அடுத்தது, நான் மன்றாடியே கேட்டுக்கொள்வது. சில நூறு ரூபாய் குறைகிறதே என்று மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு வேறு டிக்கெட் எனத் தனித்தனியாக எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் எத்தனையோ விமானங்கள் தாமதமாயின. அப்படி ஒரு நாளில் கையில் இரண்டு தனி டிக்கெட் இருந்தால் முழுப் பணமும் போய்விடும்.

ஒரே பதிவு எண்ணில் எடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் முதல் நாள் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போய்விடுங்கள். தனியாகப் போகும் பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். இடையில் விமானம் மாறும் ஊரிலும் ஆள் வந்து அடுத்த வாயில்வரை அழைத்துப் போவார்கள்.