டச் ஸ்கிரீன் வாங்குகிறீர்களா? வயரையும் விசாரியுங்கள்

காருக்கு டச் ஸ்கிரீன் செட் மாட்ட வருகிறவர்கள் திரையைப் பற்றி நிறையவே தெரிந்துகொண்டு வருகிறார்கள். ஒன்பது அங்குலமா, பத்து அங்குலமா, ரேம் எவ்வளவு, மேப் தடங்கலில்லாமல் ஓடுமா என்றெல்லாம் கேட்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் வயரை எப்படி இணைக்கப் போகிறீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிற எனக்கு இது பெரிய கவலை. செட் மாட்டிய பிறகு கோளாறு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் செட்டில் குறை இருப்பதில்லை, இணைத்த விதத்தில்தான் இருக்கும்.

செட்டுக்கு இரண்டு வழியாகக் கரண்ட் போக வேண்டும். மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. அதில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். நேரம், ரேடியோ ஸ்டேஷன், மற்ற செட்டிங் எல்லாம் அழியாமல் இருப்பது இதனால்தான். சிவப்பு வயரில் சாவியைத் திருப்பினால் மட்டுமே கரண்ட் வரும். ஏசிசி என்று சொல்வது இதைத்தான். கருப்பு எர்த். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

அண்மையில் ஒரு வண்டி வந்தது. இரண்டு நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் எடுக்காது. புது பேட்டரி போட்டும் அதே கதை. வண்டியைப் பூட்டி, எல்லா மாட்யூலும், அதாவது வண்டியின் எலக்ட்ரானிக் பெட்டிகள் எல்லாம், உறங்கும் வரை பொறுத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் மீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்தேன். 50 மில்லி ஆம்பியருக்குள் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு ஆம்பியரைத் தாண்டிக் காட்டியது. செட்டைக் கழற்றினால் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, எப்போதும் கரண்ட் இருக்கும் லைனில் கொடுத்து, கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். பட்டனை அழுத்தினால் திரை இருட்டாகிவிடும், அதனால் ஓட்டுகிறவருக்குச் சந்தேகமே வராது. உள்ளே போர்டு மட்டும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஒரு ஆம்பியர் இழுத்தால் இரண்டு நாளில் மொத்தமும் காலி. செல்ஃப் அதற்கு முன்பே மறுத்துவிடும். பாவம், பேட்டரி மேல் பழி போட்டு இரண்டாவது பேட்டரியையும் வாங்கியிருந்தார் அவர்.

இப்படி ஏன் செய்கிறார்கள்? பல புது வண்டிகளில் ஸ்டீரியோ காப்ளரில், அதாவது வயர்களை மொத்தமாகச் செருகும் பிளக்கில், ஏசிசிக்கென்று தனி வயரே கிடையாது. சாவி போட்டாயிற்று என்ற தகவல், வண்டியின் மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற லைன் வழியாகச் செய்தியாகத்தான் வரும். அதைப் படித்து ஏசிசியாக மாற்றித் தருவதற்குக் கேன் பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஸ்டீயரிங் பட்டன்கள், ரிவர்ஸ் சிக்னல் எல்லாம்கூட அதன் வழியாகவே கிடைக்கும். அது இல்லாமல் சமாளிக்கப் பார்க்கும்போதுதான் இந்த முறுக்கு வேலை வருகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உங்கள் மாடலுக்கான காப்ளர் வைத்திருக்கிறார்களா? ஒரு முனை கம்பெனி சாக்கெட்டிலும் மறுமுனை செட்டிலும் பொருந்துவது அது. அது இருந்தால் கம்பெனி வயரில் கத்தரியே படாது. நாளை பழைய செட்டை மாட்டவும் தடையில்லை. காப்ளர் இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்ன நிறங்கள் செட் பக்கத்துக்குத்தான். வண்டிப் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐஎஸ்ஓ என்ற பொதுத் தர அளவில் வரும் காப்ளரில் 4-ஆம் பின் நேர் கரண்ட், 7-ஆம் பின் ஏசிசி என்பது வழக்கம். சில வண்டிகளில் இது இடம் மாறியிருக்கும். சாவியை எடுக்கும்போதெல்லாம் நேரமும் செட்டிங்கும் அழிந்துபோனால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

வயரை இணைத்தே தீர வேண்டிய இடம் வந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது வயரை வைத்து நசுக்கி இறுக்கும் நல்ல கிரிம்ப் கனெக்டர் போட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டுக்குள் அடிக்கிற சூட்டில் டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும். திறந்த செம்பு இரும்பில் பட்டால் அப்புறம் காப்பாற்ற இருப்பது ஃப்யூஸ் ஒன்றுதான். அந்த ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃப்யூஸ் இருப்பது வயர் தீப்பிடிக்காமல் இருக்க. பெரிய ஃப்யூஸ் போட்டால் அதற்கு முன்னால் வயர் எரியும். தயவுசெய்து இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

ஸ்பீக்கர் நெகட்டிவ் வயர்களை ஒன்றாகச் சேர்த்து எர்த்தில் கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இன்றைய செட்களில் இரண்டு வயரிலுமே சிக்னல் வரும். எர்த் செய்தால் செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஐசி (சிப்) போய்விடும்.

டேஷ்போர்டைக் கழற்றுமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் மாட்யூலில் சேமிப்பாக இருக்கும் கரண்ட் வடிய அவ்வளவு நேரமாவது ஆகும். வண்டிப் பக்கம் மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் காப்ளரோ தென்பட்டால் பெரும்பாலும் அது ஏர்பேக் லைன். டெஸ்ட் லேம்ப்பும் மீட்டரும் அதன் பக்கமே போகக் கூடாது, ஏர்பேக் வெடிக்க வாய்ப்பிருக்கிறது. ஸ்டீயரிங் கம்பத்துக்குப் பக்கமாக மைக் வயரையோ யுஎஸ்பி வயரையோ தொங்க விடுவதும் தவறு. திருப்பும்போது சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பார்க்கிங் பிரேக் வயர். ஹேண்ட் பிரேக் போட்டால் மட்டும் வீடியோ ஓடுவதற்காக வைத்தது. அதை நேராக எர்த் செய்தால் ஓடும் வண்டியிலும் படம் தெரியும். கேட்கிறவர்கள் நிறைய, நான் செய்து தருவதில்லை. பின் சீட்டுப் பிள்ளைகளுக்காக என்பார்கள், ஆனால் திரை இருப்பது ஓட்டுகிறவர் கண்ணெதிரே.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். ஹாரன், ஏசி, ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். சாவியை எடுத்துக் கதவைப் பூட்டியதும் திரை தானாக அணைகிறதா என்றும் பாருங்கள். மீட்டர் வைத்துப் பேட்டரி இழுப்பையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் தயங்காமல் காட்டுவார்.