‘நல்’ என்பது சுழியமும் அன்று, வெற்றும் அன்று

தரவுத்தளத்தில் (டேட்டாபேஸில்) ஒரு கட்டத்தில் எதுவும் பதியப்படவில்லை என்பதைக் காட்டும் ஆங்கிலச் சொல் ‘நல்’ (null). தரவுத்தளம் சொல்லிக்கொடுக்கும் தமிழ்க் குறிப்புகளிலும் காணொலிகளிலும் ‘நல் என்றால் பூஜ்யம்’ என்ற வாசகம் ஓயாமல் வருகிறது. தனித்தமிழில் எழுதுகிறவர்கள் அதையே ‘சுழிய மதிப்பு’ என்கிறார்கள். பூஜ்யம் சுழியமாகிவிட்டது, தவறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. காட்பாடிப் பக்கம் கணினி படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் கட்டும் இணையப் பக்கங்களில் ஒரு கோளாறைத் தேடிக்கொண்டு போனால், பல நேரம் இந்த ஒரு சொல்லை யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்த இடத்தில் போய் நிற்கிறேன்.

பிறப்பு எளிது. லத்தீனில் ‘நே’ என்ற எதிர்மறையும் ‘ஏதேனும் ஒன்று’ என்று பொருள்படும் ‘உல்லுஸ்’ஸும் சேர்ந்து ‘நுல்லுஸ்’ ஆனது: ஒன்றும் இல்லாத. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, சட்டமொழியில் ‘செல்லாதது’ என்ற பொருளில் ஊன்றிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் அதே சொல் சுழியத்துக்குப் பெயராகிவிட்டது. கணிதம் அதை உறுப்பே இல்லாத கணத்துக்கு அடைமொழி ஆக்கியது. சி என்ற நிரல்மொழியில், சரத்தின் (எழுத்துகளின் கோவையின்) முடிவைக் காட்டும் நல் எழுத்துக்கு எண்மதிப்பு உண்மையிலேயே சுழியம். அங்கே சுழியம் என்று எழுதினால் எனக்குச் சண்டையில்லை. சி பாடத்தில் படித்ததை அப்படியே தூக்கிக்கொண்டு தரவுத்தளத்துக்குள் வந்ததுதான் வினை.

தரவுத்தளத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தள மாதிரியை 1970-இல் முன்வைத்த எட்கர் காட், 1985-இல் அதற்கான விதிகளை வகுத்து வெளியிட்டார். மூன்றாவது விதி நல் பற்றியது. எழுத்தில்லாத வெற்றுச் சரத்திலிருந்தும், வெறும் இடைவெளிகளாலான சரத்திலிருந்தும், சுழியம் உள்ளிட்ட எந்த எண்ணிலிருந்தும் வேறானதாக அது இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சொல்லைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவந்தவரே சுழியம் அன்று, வெற்று அன்று என்று எழுதிவைத்த பிறகு, நம் கலைச்சொல் பட்டியல்கள் சுழியம், வெற்று என்ற அந்த இரண்டையும்தான் தேடிப் பிடித்து எழுதுகின்றன.

சுழியத்தால் விளையும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு மாணவர் மாவட்ட மழையளவைக் காட்டும் பக்கம் ஒன்றைப் பயிற்சிக்காகச் செய்தார். காலை 8.30 மணிக்கு எடுத்த அளவு, மில்லிமீட்டரில்: வேலூர் 20.0, காட்பாடி 12.0, குடியாத்தம் 8.0, அணைக்கட்டு 0.0, பேரணாம்பட்டு 0.0. அணைக்கட்டில் மழை இல்லை. பேரணாம்பட்டில் மழை பெய்ததா இல்லையா என்பதே தெரியாது, அங்கிருந்து அளவு வரவில்லை. தரவுத்தளத்தில் அந்தப் புலம், அதாவது அந்த அளவுக்கான கட்டம், நல். இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பியின் எண் வடிவமைக்கும் செயற்கூறு நல்லை வாங்கி 0.0 என்று அச்சிட்டிருந்தது. பழைய பதிப்புகள் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். 8.1 முதல் ‘இப்படி நல் அனுப்புவது கைவிடப்படுகிறது’ என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கைகளை மறைத்து வைப்பதே நம் வழக்கமாகிவிட்டதால் அவர் கண்ணில் அது படவில்லை.

சராசரி பார்த்தபோது குழப்பம் இரட்டித்தது. தரவுத்தளம் 10 என்றது. திரையில் தெரியும் ஐந்து எண்களைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 8 வருகிறது. ‘தரவுத்தளம் தப்பாகக் கணக்குப் போடுகிறது சார்’ என்றார். தரவுத்தளம் சரியாகத்தான் போட்டது. சராசரி எடுக்கும்போது நல் உள்ள பதிவை அது சேர்ப்பதில்லை. 40-ஐ நான்கால் வகுத்தது. ‘நல் என்றால் பூஜ்யம்’ என்று படித்தவருக்கு இது எப்படி விளங்கும்?

சுழியத்தை ஒரு கணக்கிலேயே வீழ்த்திவிடலாம். ‘வெற்று’ அப்படி எளிதில் விழாது. அதற்குப் பள்ளிக்கூடத்தின் துணை இருக்கிறது: உறுப்பில்லாத கணத்தை ‘வெற்றுக் கணம்’ என்றே எல்லோரும் படித்திருக்கிறோம். அங்கே அந்தச் சொல் மிகப் பொருத்தம். பார்த்தாயிற்று, எண்ணியாயிற்று, உள்ளே ஒன்றும் இல்லை. வெற்றுத்தாள், வெற்றிடம், வெற்றுப்பேச்சு எல்லாவற்றிலும் இந்தப் ‘பார்த்தாயிற்று’ என்ற உறுதி இருக்கிறது. தாளைப் புரட்டிப் பார்க்காமல் அதை வெற்றுத்தாள் என்று யாரும் சொல்வதில்லை. தரவுத்தள நல்லில் இல்லாதது அந்த உறுதிதான்.

மேலும், வெற்று என்ற சொல் தரவுத்தளத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் அனுப்பினால் இணையப் பக்கம் நல்லை அனுப்புவதில்லை. எழுத்தே இல்லாத சரத்தை அனுப்புகிறது. அதுதான் வெற்றுச் சரம். நல்லையும் ‘வெற்று மதிப்பு’ என்று எழுதிவிட்டால், ‘புலத்தில் வெற்று இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வந்துவிடும். பிழை தேடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேண்டியதில்லை, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வேலூருக்கு மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களின் விடுதிகளில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். விடுதி அறைப் பதிவுக்கு நம் பிள்ளைகள் பக்கம் கட்டினால், பழக்கத்தில் ‘தலைப்பெழுத்து’ என்று ஒரு புலத்தை வைத்துவிடுகிறார்கள். வங்காளத்துக்காரருக்குத் தலைப்பெழுத்து ஏது? நிரப்பாத கட்டத்தை நல்லாகச் சேமிக்கும்படி நிரல் எழுதியிருந்தால் அந்தப் புலம் நல்லாக நிற்கிறது. பக்கத்தில் பெயரைக் காட்ட, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் சரங்களை ஒட்டும் ‘கான்கேட்’ கொண்டு தலைப்பெழுத்தையும் பெயரையும் ஒட்டுகிறார்கள். ஒட்டும் துண்டுகளில் ஒன்று நல்லாக இருந்தாலும் விடை முழுவதும் நல்லாகிவிடும். உள்ளூர்க்காரர் பெயரெல்லாம் வருகிறது. வெளியூர்க்காரர் பெயரே காணாமல் போகிறது. அதே புலத்தில் வெற்றுச் சரம் இருந்திருந்தால் பெயர் ஒழுங்காக வந்திருக்கும். அதன் இன்னொரு வடிவமான ‘கான்கேட் டபிள்யூஎஸ்’ஸைப் பயன்படுத்தினால் அது நல்லைத் தாண்டிப் போய்விடும், கோளாறு தீரும். ஆனால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, அந்தப் புலத்தில் இருப்பது வெற்றா, நல்லா என்ற கேள்வி முதலில் மனத்தில் எழ வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வி எங்கிருந்து எழும்? ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தளம் மட்டும் வெற்றுச் சரத்தையே நல்லாகக் கொள்கிறது. அது அந்த ஒரு நிறுவனத்தின் பழைய வழக்கம். அதை வைத்து மொழிக்கு இலக்கணம் எழுத முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இன்மை’ என்றே சொல்வோம் என்கிறேன். அதற்கு வலுவான காரணம் நம் இலக்கணத்தில் இருக்கிறது.

தமிழ் இரண்டு மறுப்புகளைப் பிரித்து வைத்திருக்கும் மொழி. ‘இது மாமரம் அன்று’ என்பது அன்மை. இருக்கும் ஒன்று வேறொன்றாக இருப்பது. ‘இங்கே மரம் இல்லை’ என்பது இன்மை. தொல்காப்பியம் வினையியலில் குறிப்பு வினையைச் சொல்லும்போது அன்மை, இன்மை, உண்மை என்று இவற்றை அடுத்தடுத்து நிறுத்துகிறது. அங்கே உண்மை என்றால் உள்ளதாயிருத்தல். ‘அன்று’ வர வேண்டிய இடத்தில் ‘இல்லை’யைப் போட்டு இன்று நாம் இந்த எல்லையை அழித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தனி வருத்தம்.

தரவுத்தளத்தை வினவும் மொழியான எஸ்கியூஎல் அதே எல்லையைக் கறாராகக் காக்கிறது. சமமன்று என்ற குறி கேட்பது அன்மைக் கேள்வி. ‘இஸ் நல்’ கேட்பது இன்மைக் கேள்வி. ‘இஸ் நாட் நல்’ கேட்பது தொல்காப்பியர் சொன்ன உண்மை. இவற்றை மாற்றிக் கேட்டால் விடை வராது. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதற்கு முந்தைய முகவரிப் பட்டியல் ஒன்றில் ‘இன்றைய மாவட்டம்’ என்று ஒரு புலத்தைச் சேர்த்து, ஆற்காடு, வாலாஜா பதிவுகளுக்கு ராணிப்பேட்டை என்று நிரப்பியாயிற்று, ஆம்பூர், வாணியம்பாடிக்கு இன்னும் நிரப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘மாவட்டம் வேலூர் அன்று’ என்று வினவினால் ராணிப்பேட்டைப் பதிவுகள் மட்டும் வரும். ஆம்பூர் வராது. நல்லுடன் ஒப்பிட்டால் விடை மெய்யும் அன்று, பொய்யும் அன்று, ‘தெரியாது’ என்ற மூன்றாவது நிலை. வினவல் மெய்யானதை மட்டுமே வெளியே விடும். ‘மாவட்டம் நல்லுக்குச் சமம்’ என்று கேட்டாலும் ஒரு பதிவும் வராது. ‘இந்தப் பட்டியலில் அடங்காதவை எவை’ என்று ‘நாட் இன்’ போட்டு, அந்தப் பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் இருந்துவிட்டால் பக்கம் முழுவதும் காலியாக வரும், பிழைச்செய்தி கூட வராது. அன்மையும் இன்மையும் வேறு என்று அறிந்த தமிழ் மாணவருக்கு இதை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். சுழியம் என்று படித்தவருக்கு விளக்கப் போனால் முதலில் அந்தச் சுழியத்தை அழிக்க வேண்டியிருக்கிறது.

‘இன்மை’க்கு எதிராக இரண்டு வாதங்களைக் கேட்டிருக்கிறேன். ஒன்று, திருக்குறளில் இன்மை என்றால் வறுமை. ஆம், நல்குரவு அதிகாரத்தில் அப்படித்தான். ஆனால் அமைதியின்மை, தூக்கமின்மை, வேலையின்மை என்று அன்றாடம் எழுதுகிறோமே, அங்கே யாரும் வறுமையை நினைப்பதில்லை. இரண்டாவது வாதம் கனமானது: பேரணாம்பட்டில் மழை பெய்திருக்கலாம், தெரியவில்லை என்பதுதானே நல், அதை ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது? இல்லாதது மழை என்று யார் சொன்னார்கள்? புலத்தில் அளவு இல்லை. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கருவறையில் நெடுங்காலம் சுவாமி இல்லை. சத்துவாச்சாரியில் இருந்தார், 1981-இல்தான் திரும்பி வந்தார். கருவறையில் இன்மை என்றால் சுவாமியே இல்லை என்று ஆகிவிடாது. ‘அறியாமை’ என்று மாற்றுச் சொல் தருகிறார்கள். வங்காளத்துக்காரரின் தலைப்பெழுத்து நமக்குத் தெரியாதது அன்று, அவருக்குப் பொருந்தாதது. எட்கர் காட் கூட இந்த இரண்டு வகையையும், தெரியாதது, பொருந்தாதது என்று பின்னாளில் பிரித்துக் காட்டினார். இன்மை இரண்டையும் தாங்குகிறது. ‘மதிப்பிலி’ என்றும் ஒரு சொல்லைப் பார்த்தேன். முடிவிலி, பெயரிலி போல அமைப்பு நன்றாக இருக்கிறது, காதில் விழும்போது ஒருவரை வைவது போல இருக்கிறது.

‘மதிப்பு’ என்ற பின்னொட்டும் போக வேண்டும். நல் ஒரு மதிப்பு அன்று. மதிப்பு இல்லை என்பதற்கான அடையாளம். 1985-இல் ‘நல் மதிப்பு’ என்று எழுதிய காட், பிறகு ‘குறி’ என்று மாற்றிக்கொண்டார். ஆகவே ‘சுழிய மதிப்பு’, ‘வெற்று மதிப்பு’ இரண்டிலும் இரண்டு பாதியுமே பிழை. ‘இன்மைக்குறி’ என்றால் இரண்டு பாதியும் சரி.

ஒலிபெயர்த்தே எழுதலாமே என்கிறவர்களுக்கு: இந்தக் கட்டுரையில் வாசகருக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக நானும் ‘நல்’ என்றே எழுதிவந்தேன். ஆனால் ‘நல் மதிப்பு’ என்பதைத் தமிழறிந்த எவரும் நல்ல மதிப்பு என்றுதான் படிப்பார். கடன் சொல் எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பஸ்ஸையும் டிக்கெட்டையும் விரட்டப் போகிறவன் அல்லன். தாய்மொழியில் வேறு பொருளுடன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சொல்லின் மேல் கடன் சொல்லை ஏற்றி வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச் சொல் ஒன்று என்று பட்டியலில் கட்டம் போட்டு நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கணிதத்தின் நல்லுக்கு வெற்று, சியின் நல்லுக்குச் சுழியம், சட்டத்தின் நல்லுக்குச் செல்லாதது, தரவுத்தளத்தின் நல்லுக்கு இன்மை என்று துறைதோறும் பிரித்து எழுதினால் பட்டியல் நீளும், நீளட்டும். பட்டியல் எழுதுகிறவர் ஒரு வினவலையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கான ஏட்டில் ‘இன்மைக்குறி’, ‘இன்மையா என்று சோதி’, ‘இன்மை ஏற்காத புலம்’ என்று எழுதலாம். பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் இந்தக் கலைச்சொல்லே வர வேண்டியதில்லை. மழைப் பட்டியலில் பேரணாம்பட்டுக்கு எதிரே ‘அளவு வரவில்லை’ என்று போட்டால் போதும். விடுதிப் பதிவில் தலைப்பெழுத்துக் கட்டம் இன்மையாக இருந்தால் எதையும் காட்டாமல் பெயரை மட்டும் காட்டலாம்.