‘தெரிகிறது’ என்று சொல்வதற்கு முன்

பொதுமக்களுக்கான வான்நோக்கு இரவுகளில் தொலைநோக்கியின் அருகே நின்று, வரிசையில் வருபவர்களுக்கு நிலவையும் கோள்களையும் காட்டுவது பல ஆண்டுகளாக என் பணியின் ஒரு பகுதி. அங்கு நான் அதிகம் கேட்கும் சொல் ‘தெரியுது சார்’ என்பதுதான். நாளடைவில் நான் அதிகம் சந்தேகிக்கத் தொடங்கிய சொல்லும் அதுவே. வியாழனைப் பார்த்துவிட்டு நகர்பவரை நிறுத்தி, அதன் நிலவுகளை மனத்தில் வைத்து, ‘பக்கத்தில் எத்தனை சிறு புள்ளிகள் இருந்தன? எல்லாம் ஒரே பக்கத்திலா?’ என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் தம் கண்ணிமை மயிரின் நிழலைத்தான். பின்னால் நாற்பது பேர் காத்திருக்கும்போது தனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தானே இருக்கும்?

ஆனால் தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. 150 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியை 150 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்தால், கண் வைக்கும் வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் வெறும் 1 மி.மீ. மட்டுமே. அந்த 1 மி.மீ. கண்ணின் பாவைக்குள் விழாவிட்டால் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. எனவே வில்லையை நெருங்கியதும் தலையை மெல்ல முன்னும் பின்னும், இடமும் வலமுமாக நகர்த்தி, வட்டமான வெளிச்சப் பரப்பு முழுதாகத் தெரியும் இடத்தில் நிலைநிறுத்த வேண்டும். குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாருக்கும், குறிப்பாகச் சிறுவர்களுக்கு, கை துறுதுறுக்கும். பிடித்த கணமே கோள் பார்வைப் பரப்பை விட்டு வெளியே போய்விடும் என்பதால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். மற்றொரு கண்ணை இறுக மூடினால் பார்க்கும் கண்ணும் சுருங்குகிறது. உள்ளங்கையால் மறைத்துக்கொள்வதே நல்லது. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், குவியத்தைத் திருகி அதைச் சரிசெய்ய முடியும். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்கள் கண்ணாடியோடு பார்ப்பதே சரி, ஏனெனில் அந்தக் குறையைக் குவியத் திருகால் ஈடுகட்ட முடியாது.

அடுத்த காரணம் வெளிச்சம். இருட்டுக்குள் வந்ததும் கண்ணின் பாவை சில நொடிகளில் விரிந்துவிடுகிறது. ஆனால் மங்கலான ஒளியை உணரும் கோல் செல்களில் ரொடாப்சின் என்னும் நிறமி மீண்டும் சேர்வதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. அரை மணி நேரம் பொறுமையாகச் சேர்த்த அந்தக் கூர்மையை, வாட்ஸ்ஆப் செய்தி வந்திருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்க்கும் கைபேசித் திரை பெருமளவு அழித்துவிடும். அழிவது கைபேசிக்காரரின் பார்வை மட்டுமன்று, அருகில் நிற்கும் பத்துப் பேரின் பார்வையும்தான். தாமதமாக வந்து முகப்பு விளக்கோடு திரும்பும் ஒரு வண்டி வரிசை முழுவதையும் மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. கோல் செல்கள் ஆழ்ந்த சிவப்பொளியை அவ்வளவாக உணர்வதில்லை என்பதால்தான் நாங்கள் மங்கலான சிவப்பு விளக்கோடு நடமாடுகிறோம். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொண்டால் உங்களுக்கும் அது போதும்.

இந்தப் பாடத்தை நான் கற்றதே ஒரு தவறு செய்துதான். விளக்குகள் எரிந்த பேருந்திலிருந்து இறங்கிய பள்ளி மாணவர்களுக்கு முதல் பொருளாக ஓரியன் நெபுலாவைக் காட்டினேன். சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் நட்சத்திரங்கள் பிறக்கும் அந்த மேகத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் அவர்கள் கண்ணில் அது விழவேயில்லை. அன்று முதல் நிலவும் கோள்களும் முதலில், நெபுலாக்கள் கடைசியில் என்று வரிசையை மாற்றிக்கொண்டேன். கண் பழகிய பிறகும் அது படங்களில் காணும் செந்நிறத்தில் தெரியாது. மங்கிய ஒளியில் நிறம் பிரித்தறியும் செல்கள் வேலை செய்யாததால் சாம்பல் நிறப் புகைபோலத்தான் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் புகை விரிகிறது, ஏனெனில் விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் செல்கள் இல்லை.

எந்த நாளில் வருவது என்பதற்கு வீட்டில் தொங்கும் நாட்காட்டியே போதும். நிலவைப் பார்க்கப் பௌர்ணமிதான் உகந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள்; அன்று சூரிய ஒளி நிலவின் மேல் நேராக விழுவதால் நிழலே இராது, பள்ளங்கள் தட்டையாகிவிடும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டை ஒட்டி ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும். சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் நமக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கோடாக மெலிந்தன. இனி ஆண்டுதோறும் விரிந்து 2032 வாக்கில் மிக அகலமாகத் தெரியும்.

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குச் செல்பவர்களிடம் எழும் முதல் கேள்வி, ‘அந்தப் பெரிய தொலைநோக்கியில் காட்ட மாட்டார்களா?’ என்பது. 1986 முதல் இயங்கும் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியில் ஆய்வாளர்களும் கண் வைத்துப் பார்ப்பதில்லை. ஒளி கருவிகளுக்குள் போகிறது, அவர்கள் கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கிறார்கள். 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன் கடந்தபோது அந்த நட்சத்திரத்தின் ஒளி கணநேரம் மங்கி மங்கி மீண்டதைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றியுள்ள வளையத்தை யாரும் கண்ணால் காணவில்லை, ஒளி குறைந்ததை வைத்தே அது அறியப்பட்டது. பார்வையாளருக்கு உரியது சிறிய தொலைநோக்கிதான், அதில் ஏமாற்றம் கொள்ள ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் போகாதீர்கள். மற்ற மாதங்களிலும் வானிலையையும் பார்வை நேரத்தையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இப்படி ஓர் இரவு பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தருபவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: சில மலிவான பெட்டிகளில், கண் வைக்கும் வில்லையில் திருகிக்கொள்ளும்படி ‘சூரிய வடிகட்டி’ என்று ஒரு சிறு கறுப்புக் கண்ணாடி இருக்கும். அதை உடனே எறிந்துவிடுங்கள். தொலைநோக்கி குவிக்கும் வெப்பம் முழுவதும் அந்தக் கண்ணாடியில்தான் விழுகிறது. அது விரிசல் விட்டால் தலையை எடுப்பதற்குள் விழித்திரை கருகிவிடும், விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் பிள்ளை கத்தவும் செய்யாது. சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் பொருந்த வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் பகலில் கருவியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதே முறை.

ஒரு மார்கழி இரவில் வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தேன். பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் தெரியலைப்பா’ என்றார். தலையை இப்படி வையுங்கள், அப்படி வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் அதே பதில். பிறகுதான் நானே கண் வைத்துப் பார்த்தேன். வில்லை முழுவதும் பனி படிந்து வெள்ளையாக இருந்தது. துணியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும் என்பதால், அலுவலக அறையிலிருந்த ஹேர் டிரையரைக் கொண்டுவந்து மெல்ல ஊதிச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆயிற்று. அவருக்கு முன்னால் பார்த்த பன்னிரண்டு பேரும் ‘தெரியுது’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வரிசையில் நிற்க வைத்தேன், பாட்டியை முதலில் நிறுத்தி.